மழையில் காட்டுச் செடிகளைப் படம் எடுப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்காசிப் பக்கம் சாலையோரத்திலும் குளத்தங்கரையிலும் மலையடிவாரத்திலும் தானாக முளைத்துக் கிடக்கும் செடிகளைப் பல வருடமாகப் படம் எடுத்து வருகிறேன். அதில் பெரும்பகுதி மழையில்தான். நண்பர்கள் கேட்டதும், நண்பர்களின் நண்பர்கள் கேட்டதுமாகச் சேர்ந்த கேள்விகள் இவை.

மழையில் போய் எதற்கு? வெயில் வந்ததும் எடுத்தால் ஆகாதா?

ஆகும். ஆனால் அது வேறு படம். உச்சி வெயிலில் தும்பைப் பூவை எடுத்துப் பாருங்கள். பூ சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்திருக்கும், அடியில் நிழல் கரியாக இருக்கும். மேகம் மூடிய வானமோ பெரிய வெள்ளைத் துணியைக் கட்டி வெளிச்சத்தை வடிகட்டியது போல. பூவின் நரம்பு, தண்டின் மயிர், இலை மடிப்பு எல்லாம் தெரியும். ஈரத்தில் மண்ணும் பட்டையும் கறுத்துப் பின்னணி தானாகவே அடங்கிப் போகும்.

இன்னொரு காரணம்தான் எனக்கு முக்கியம். மழையில் செடி சும்மா நிற்பதில்லை. இலையை மூடுகிறது, காயை வெடிக்கச் செய்கிறது, தண்ணீரை உருட்டி விடுகிறது. பெரும்பாலானவர்கள் துளியைப் படம் எடுத்துவிட்டு வந்துவிடுகிறார்கள். துளி வந்ததும் செடி என்ன செய்தது என்பதை விட்டுவிடுகிறார்கள்.

எந்த மழையில் போகலாம்?

எல்லா மழையும் ஒன்றல்ல என்பது தமிழில் பேசுகிறவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

குற்றாலப் பக்கம் ஆனி, ஆடியில் விழுவது சாரல். பொடிப்பொடியாக, காற்றோடு வரும். நடுநடுவே வெயில் எட்டிப் பார்க்கும். புல்லின் நுனியில் மணி கோர்த்த மாதிரி வரிசையாகத் துளி நிற்பது சாரலில்தான். கனத்த மழை அதை அடித்துக்கொண்டு போய்விடும். ஆனால் சாரல் நேரத்தில் கணவாய் வழியாகக் காற்று அள்ளிக்கொண்டு வரும், செடி ஒரு நொடி நிற்காது. எனக்கு மழையைவிடப் பெரிய எதிரி காற்றுதான்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழை வேறு மாதிரி. தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறையப் பாதி அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடுகிறது. சமவெளியில் களைச் செடிகள் முளைத்துப் பூக்கும் காலமும் இதுதான். அடைமழை கொட்டும்போதே எடுப்பது பெரும்பாலும் வீண் வேலை. வெளிச்சம் இருக்காது, பூ தலை கவிழ்ந்திருக்கும், இதழில் மண் தெறித்திருக்கும்.

நான் காத்திருப்பது ஒரு பாட்டம் பெய்து ஓய்ந்த பிறகு வரும் அரை மணி நேரத்துக்கு. 'மழை விட்டாலும் தூவானம் விடவில்லை' என்று அலுத்துக்கொள்வோமே, அந்தத் தூவானம்தான் எனக்கு வேலை நேரம். காற்று படுத்திருக்கும், துளி நிற்கும், வானம் கொஞ்சம் வெளுத்திருக்கும்.

இடி இருந்தால் எந்த மழையும் வேண்டாம். மின்னலுக்கும் இடிக்கும் நடுவே 30 வினாடிக்குள் எண்ணி முடித்தால் மின்னல் சுமார் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது என்று பொருள். கட்டடத்துக்குள்ளோ காருக்குள்ளோ போய்விடுங்கள். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்து வெளியே வந்தால் போதும். மரத்தடி புகலிடம் அல்ல. இரும்புக் கம்பிக் குடையைப் பிடித்துக்கொண்டு வெட்டவெளியில் நிற்பதும் கூடாது.

நல்ல கேமரா இல்லை, போன்தான் இருக்கிறது. போதுமா?

போதும். சில வேளை போன்தான் வசதி. ஒரு கையில் குடை, மறு கையில் போன், முடிந்தது.

ஈரத்தில் தொடுதிரை பைத்தியம் பிடித்த மாதிரி நடந்துகொள்ளும். துளி விழுந்தாலும் விரல் பட்டதாக நினைக்கும். சத்தம் கூட்டும் பொத்தானை அமுக்கிப் படம் எடுக்கப் பழகிக்கொள்ளுங்கள். பல போன்களில் அது வேலை செய்யும். போனின் மேக்ரோ (மிகக் கிட்டே எடுக்கும்) வசதி பெரும்பாலும் அகலக் கோண லென்ஸில் ஓடுகிறது. 2, 3 செ.மீ. வரை கிட்டே கொண்டுபோனால் போனின் நிழலே பூவின் மேல் விழும், கை பட்டுத் துளி உதிரும். அதைவிடச் சற்றுத் தள்ளி நின்று 2 மடங்கு பெரிதாக்கி எடுப்பது நல்லது.

'தண்ணீர் புகாது என்று ஐபி68 தரக்குறி போட்டிருக்கிறதே, நனைந்தால் ஒன்றும் ஆகாது' என்று நானும் நம்பினேன். அந்தச் சோதனை புதுப் போனை ஆய்வுக்கூடத்தில் அசையாத நல்ல தண்ணீரில் வைத்துச் செய்வது. இரண்டு வருடம் பழகி, ஒருமுறை கீழே விழுந்த போனின் ரப்பர் அடைப்பு அப்படியே இருக்காது. என் போன் ஒரு ஐப்பசியில் போயே போய்விட்டது. சர்வீஸ் சென்டரில் 'தண்ணீர் சேதத்துக்கு வாரண்டி கிடையாது சார்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள்.

கேமராவை நனையாமல் எப்படிக் காப்பது?

கடையில் விற்கும் மழை உறை நல்லதுதான். நான் பயன்படுத்துவது துணிக்கடைப் பிளாஸ்டிக் பை. அடியில் லென்ஸ் நுழைய ஓட்டை போட்டு, லென்ஸ் விளிம்பில் ரப்பர் பேண்டால் இறுக்கிக் கட்டிவிடுவேன். பையின் வாய் என் பக்கம் இருக்கும், கையை அதற்குள் விட்டுக்கொள்வேன். லென்ஸுக்கு முன்னால் ஹூட், அதாவது விளிம்பு மறைப்பு, கட்டாயம். சாய்ந்து வரும் துளியில் முக்கால்வாசியை அதுவே தடுத்துவிடும்.

லென்ஸ் துடைக்க மைக்ரோஃபைபர் துணி நான்கைந்து வேண்டும், ஒன்று பத்தாது. முதல் துணி கால் மணி நேரத்தில் ஈரமாகிவிடும், அதற்குப் பிறகு துடைப்பதெல்லாம் பூசுவதுதான். கேமராவின் உடம்பைத் துடைக்கப் பழைய வேட்டித் துணி போல எதுவும் இல்லை. லென்ஸ் பக்கம் மட்டும் அதைக் கொண்டுபோகாதீர்கள்.

மழையில் லென்ஸ் மாற்றாதீர்கள். அவ்வளவுதான்.

குடை போதாதா?

குடை நல்லது, ஆனால் அதன் நிறத்தைப் பாருங்கள். ஒருமுறை வீட்டில் கைக்குக் கிடைத்த சிவப்புக் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டேன். அன்றைக்கு எடுத்த அத்தனை தும்பையும் ரோஸ் நிறம். வெள்ளைப் பூ மேலே என்ன இருக்கிறதோ அதை அப்படியே வாங்கிக்கொள்ளும். கறுப்புக் குடை நிறத்தைக் கெடுக்காது, வெளிச்சத்தைக் குறைக்கும். வெள்ளைக் குடையோ நிறமில்லாமல் தெரியும் பிளாஸ்டிக் குடையோ இரண்டு தொல்லையும் இல்லாதது.

உங்களுக்குக் குடை வேண்டியதில்லை. வயல் வேலைக்காரர்கள் சாக்கை உள்ளே மடித்துத் தலையில் போட்டுக்கொள்வார்களே, கொங்காணி, அது மாதிரி ஒன்று போட்டுக்கொண்டால் இரண்டு கையும் சும்மா இருக்கும். இன்னொரு சாக்கு முழங்கால் போட. சின்னச் செடியை நின்றபடி எடுத்தால் அது மேலிருந்து பார்த்த படம். அதன் உயரத்துக்கு நாமும் இறங்க வேண்டும்.

கேமராவைத் தரையில் சாய்த்து வைக்க ஒரு சின்னத் துணிப் பையில் பாசிப்பயறு நிரப்பி வைத்திருந்தேன். மூன்றாம் நாள் பை முழுக்க முளைகட்டியிருந்தது. இப்போது பிளாஸ்டிக் மணி.

கேமராவில் அளவுகளை எப்படி வைப்பது?

ஒரே விடை கிடையாது, கணக்கு மட்டும் சொல்கிறேன்.

2 மி.மீ. மழைத்துளி வினாடிக்கு 6 மீட்டருக்கு மேல் வேகத்தில் விழுகிறது. ஷட்டர் (வெளிச்சத்தை உள்ளே விடும் கதவு) 1/60 வினாடி திறந்திருந்தால் அதற்குள் துளி 10 செ.மீ.க்கு மேல் இறங்கிவிடும், படத்தில் அது கோடு. 1/500 என்றால் ஒரு செ.மீ.க்குச் சற்று மேல், சின்னக் கீறல். 1/2000 வைத்தால் 3 மி.மீ.தான், குட்டிக் கோடாகச் சுருங்கிவிடும். ஆனால் மழை மேகத்தடியில் 1/2000க்கு வெளிச்சம் ஏது? வெளிச்சத்தை உணரும் அளவான ஐஎஸ்ஓவை ஏற்றினால் படம் மணல் தூவிய மாதிரி ஆகும். எனக்குக் கோடுதான் பிடிக்கும், மழை பெய்கிறது என்று அதுதான் சொல்கிறது. கோடு தெரியப் பின்னணி கறுப்பாக இருக்க வேண்டும். வெளுத்த வானத்துக்கு எதிரே எவ்வளவு மழை பெய்தாலும் படத்தில் தெரியாது.

கிட்டே போகப் போகக் கூர்மை மெலிந்துகொண்டே போகும். பூவின் நிஜ அளவுக்கே, படம் பதியும் சென்சாரில் விழும்படி மேக்ரோ லென்ஸில் எடுத்தால், லென்ஸின் துளையை எஃப் 8 அளவுக்குச் சுருக்கினாலும் பெரிய சென்சாரில் கூர்மையாக வருவது சுமார் 1 மி.மீ. ஆழம்தான். அதனால் எஃப் எண்ணோடு மல்லுக்கட்டுவதைவிட, பூவின் எந்தப் பகுதி கூர்மையாக வேண்டும் என்று முடிவு செய்து, அந்தப் பகுதிக்கு இணையாகக் கேமராவைத் திருப்புவது மேல்.

ஆடும் தண்டை நிறுத்த, பக்கத்தில் ஒரு குச்சியை ஊன்றி, படத்தில் விழாத இடத்தில் துணி கிளிப்பால் தண்டை மெல்ல அணைத்துப் பிடிக்கலாம். குறுக்கே வரும் புல்லையும் கிளிப்பால் ஒதுக்கி, வேலை முடிந்ததும் விட்டுவிடலாம். பிடுங்க வேண்டாம்.

ஃபிளாஷ் போடலாமா?

மழை விழும்போது வேண்டாம். லென்ஸுக்குப் பக்கத்தில் விழும் துளிகள்தான் முதலில் பளிச்சிடும், படம் முழுக்க வெள்ளை வெள்ளையாகப் பொட்டு விழும்.

ஈர இலை பளபளவென்று வெளுத்துப் போகிறது. பச்சையே வருவதில்லையே?

ஈரமான இலை வானத்தைப் பிரதிபலிக்கிறது. வானம் வெள்ளை, அதனால் இலையும் வெள்ளை. பிரதிபலிப்பைக் குறைக்கும் போலரைசர் ஃபில்டரைப் போட்டு மெல்லச் சுழற்றிப் பாருங்கள், ஒரு கட்டத்தில் திரையை விலக்கியது போலப் பச்சை எழும்பும். எனக்கு ஒரே ஒரு ஃபில்டர்தான் அனுமதி என்றால் இதைத்தான் எடுப்பேன். ஒன்றரை ஸ்டாப் (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதி) அளவுக்கு வெளிச்சத்தை அது குடித்துவிடும் என்பதை மட்டும் கணக்கில் வையுங்கள். ஃபில்டர் இல்லையென்றால் இலைக்குப் பக்கவாட்டில் நகர்ந்து பாருங்கள், பாதிப் பளபளப்பு போய்விடும்.

செங்காந்தளை எடுத்தால் சிவப்பு அப்பிக்கொண்டு வருகிறது. ஏன்?

சிவப்பு மட்டும் தனியாக மிகுந்துபோயிருக்கும். மொத்த வெளிச்சம் சரியாக இருப்பதாகத்தான் கேமரா சொல்லும். கேமரா காட்டும் வெளிச்ச வரைபடத்தில் (ஹிஸ்டோகிராம்) சிவப்பைத் தனியே பார்த்தால் அது வலது ஓரத்தில் முட்டிக்கொண்டு நிற்கும். முக்கால் அல்லது ஒரு ஸ்டாப் குறைத்து எடுங்கள், இதழின் அலை நெளிவு திரும்பி வரும். ஈரக் கறுப்புப் பின்னணியில் தும்பை மாதிரி வெள்ளைப் பூவுக்கும் இதே மருந்துதான்.

செங்காந்தள் நம் மாநில மலர் என்பதால் எல்லோரும் முழுதாய்ச் சிவந்த பூவைத் தேடிப் போகிறார்கள். ஒரே கொடியில் கீழே சிவப்பு, நடுவில் மஞ்சளும் சிவப்பும், மேலே இன்னும் பச்சை மாறாத மொட்டு என்று வரிசையாக இருக்கும். பூ மலரும்போது பச்சை கலந்த மஞ்சள், நாள் போகப் போகச் சிவப்பு. மூன்றையும் ஒரே படத்தில் கொண்டுவாருங்கள். இலை நுனி சுருண்டு கம்பியாகிப் பக்கத்துச் செடியைப் பிடித்திருப்பதையும் விட்டுவிடாதீர்கள். அந்தச் சுருளுக்குள் ஒரு துளி மாட்டிக்கொண்டிருக்கும். முழுச் செடியும் நஞ்சு, கிழங்கு கொடிய நஞ்சு. கையைக் கழுவாமல் வடையை எடுக்காதீர்கள்.

மழையில் செடி ஏதோ செய்கிறது என்றீர்களே, அப்படி எதைத் தேடுவது?

முதலில் பட்டாசுக்காய். ஊதா நிறப் பூ, சாலையோரம் எங்கும் கிடக்கும். அமெரிக்க வெப்ப மண்டலத்திலிருந்து வந்த செடிதான், ஆனாலும் காய்ந்த காயை வாயில் எச்சில் தொட்டு அடுத்தவன் சட்டைப் பைக்குள் போடாத பிள்ளை எங்கள் ஊரில் இல்லை. மழையிலும் அதுவேதான் நடக்கிறது. நன்றாகக் காய்ந்து கருப்பழுப்பான காயின் நுனியில் ஈரம் பட்டதும் பட்டென்று இரண்டாகப் பிளந்து விதையை எறிகிறது. இதன் உறவுச் செடி ஒன்றின் விதை பறக்கும்போது வினாடிக்கு 1,600 முறைக்கு மேல் சுழல்வதை 2018இல் அமெரிக்க ஆய்வாளர்கள் அதிவேகக் கேமராவில் அளந்தார்கள். நமக்கு அவ்வளவு வேகம் தேவையில்லை. மழை தொடங்கும் முன்பே கறுத்த காய் நாலைந்து உள்ள கொத்தைப் பார்த்து ஃபோகஸ் செய்து வைத்துவிட்டு, முதல் துளி விழுந்ததும் போனின் ஸ்லோ மோஷனை ஓட விடுங்கள். எங்கிருந்து வெடிக்கும் என்று தெரியாது. பத்தில் ஒன்று மாட்டும். முகத்தைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள்.

அடுத்தது எருக்கு. அதன் இலை மேல் மாவு பூசிய மாதிரி ஒரு மெழுகு இருக்கிறது. துளி அதில் ஒட்டாமல் முத்தாக உருண்டு ஓடும். அந்த மாவை விரலால் தொட்டுவிட்டால் கதை முடிந்தது. தொட்ட இடத்தில் தண்ணீர் படர்ந்து ஒட்டும், படத்தில் உங்கள் கைரேகை விழும். அதனால் தண்டைக்கூடப் பிடிக்காமல் எடுக்க வேண்டும். வாய்க்கால் ஓரத்துக் காட்டுச் சேம்பிலும் இதே வித்தை. அங்கே இலைக்குழியில் துளிகள் ஒன்று சேர்ந்து பாதரசம் போலத் தளும்பும்.

தொட்டாற்சிணுங்கி துளி அடித்ததும் இலையை மூடும். ஒரே காம்பில் அடிபட்ட இலைகள் மூடியும் படாதவை விரிந்தும் இருக்கும் நொடி ஒன்று உண்டு. தூறலின் முதல் நிமிடத்தில்தான் அது கிடைக்கும்.

பிறகு அழுகண்ணி என்று பலர் சொல்லும் பூச்சி தின்னும் செடி. ஈரம் கசியும் சத்தில்லாத மணல் தரையில், நாணயம் அளவில், தரையோடு தரையாகச் செக்கச் சிவந்து கிடக்கும். அதன் ஒவ்வொரு மயிர் நுனியிலும் இருக்கும் துளி மழைத்துளி அல்ல, செடி சுரக்கும் பசை. கனத்த மழை அந்தப் பசையைக் கழுவிவிடும், செடி திரும்பச் சுரக்கச் சற்று நேரமாகும். மழை விட்டதும் ஓடிப்போய் எடுத்துவிட்டு 'பனித்துளி தாங்கிய அழுகண்ணி' என்று போட்ட படம் என்னிடமும் ஒன்று இருக்கிறது. அதில் இருப்பது வெறும் தண்ணீர். இதை மட்டும் மழைக்கு மறுநாள் காலையில் போய் எடுங்கள்.

எந்த நேரம் நல்லது?

காலை. கானாவாழையின் நீலப் பூ விடியலில் விரிந்து மதியத்துக்குள் கரைந்தே போய்விடும். விஷ்ணுகிராந்தியும் காலைப் பூதான். துத்தி மட்டும் எதிர்க்கட்சி, பிற்பகலில்தான் வாய் திறக்கும்.

துளிக்குள் பூ தலைகீழாகத் தெரிகிற மாதிரி எடுப்பது எப்படி?

துளிக்குப் பின்னால் சில செ.மீ. தள்ளி ஒரு பூ இருக்க வேண்டும். துளியே லென்ஸாகி அதைத் தலைகீழாகக் காட்டும். துளியின் விளிம்பில் ஃபோகஸ் செய்தால் உள்ளே இருப்பது மங்கும். உள்ளே தெரியும் பூவின் மேலேயே ஃபோகஸ் செய்யுங்கள். இதற்காகப் பூவைப் பறித்துப் பின்னால் செருகுகிறவர்களும், கிளிசரினைத் தண்ணீரில் கலந்து தெளிக்கிறவர்களும் உண்டு. தெளித்தால் தெளித்தேன் என்று படத்தின் கீழே எழுதிவிட்டால் எனக்குச் சண்டை இல்லை. காட்டில் கிளிசரின் தெளிப்பது மட்டும் எனக்கு ஒப்பாது.

காட்டுக்குள் போக அனுமதி வேண்டுமா?

வேண்டும். காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவது தமிழ்நாடு வனச் சட்டம் 1882இன்படி குற்றம். சரணாலயம், புலிகள் காப்பகம் என்றால் படம் எடுப்பதற்கும் வனத்துறை அனுமதி வேண்டும், அது 1972ஆம் ஆண்டு வன உயிரினச் சட்டம். களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம் எங்களுக்குப் பக்கம்தான், ஆனால் என் படங்களில் பெரும்பாலானவை அதற்கு வெளியே, ஊர்ப் பொதுவழியில், குளத்துக்கரையில் எடுத்தவை. களை என்று நாம் மிதிக்கும் செடிகளை முடித்துவிட்டு அப்புறம் காட்டைப் பற்றி யோசிக்கலாம். மலையடிவாரத் தோட்டங்களின் வேலியில் மின்சாரம் இருக்கும். ஈரத்தில் கை வைக்காதீர்கள்.

பெயர் தெரியாத செடி. கண்டுபிடிக்க எப்படி எடுக்க வேண்டும்?

அழகான ஒரு படத்தை வைத்துக்கொண்டு யாராலும் பெயர் சொல்ல முடியாது. முழுச் செடி, இலை மேல்பக்கம், அடிப்பக்கம், இலை தண்டில் சேரும் இடம், பூ நேரே ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, காய் இருந்தால் காய். பக்கத்தில் ஒரு நாணயம் வைத்து ஒரு படம். மழையில் இத்தனையும் எடுக்கச் சலிப்பாகத்தான் இருக்கும். எடுத்து ஐநேச்சுரலிஸ்ட், இந்தியா பயோடைவர்சிட்டி போர்ட்டல் என்ற இணையதளங்களில் ஒன்றில் போட்டால் தெரிந்தவர்கள் சொல்வார்கள். அழியும் நிலையில் உள்ள செடி என்றால் ஐநேச்சுரலிஸ்ட் சரியான இடத்தைத் தானாகவே மறைத்துக் காட்டும். முகநூல் அப்படிச் செய்யாது. தரை ஆர்க்கிட் எதையாவது பார்த்தால் ஊர்ப் பெயரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கிழங்கோடு தோண்டிக்கொண்டு போகிறவர்கள் இருக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை என்ன?

பையைத் திறந்து வையுங்கள். மழையை விடக் கேமராவைக் கெடுப்பது மூடி வைத்த ஈரப் பைதான். பேட்டரி, கார்டு இரண்டையும் கழற்றி, மின்விசிறிக்குக் கீழே துணி விரித்து எல்லாவற்றையும் பரப்பிவிடுங்கள். அரிசிப் பானைக்குள் புதைப்பது வேண்டாம், தூசும் மாவும்தான் உள்ளே போகும். காய்ந்த பிறகு காற்றுப் புகாத டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சிலிகா ஜெல்லோடு வையுங்கள். ஈரப்பதம் 40 முதல் 50 விழுக்காட்டுக்குள் இருந்தால் நல்லது. 60, 70க்கு மேல் நாள்கணக்கில் இருந்தால் லென்ஸுக்குள் பூஞ்சை வலை பின்னத் தொடங்கும். ஒரு லென்ஸை அப்படி இழந்திருக்கிறேன். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் உள்ளே வேர் ஓடிய மாதிரி இருக்கிறது. சிலிகா ஜெல் நிறம் மாறினால் வெறும் வாணலியில் இளஞ்சூட்டில் வறுத்துத் திரும்பப் போடலாம். சமையல் வாணலி வேண்டாம், தனியாக ஒன்று வையுங்கள்.

ஏசி காரிலிருந்தோ அறையிலிருந்தோ கேமராவை நேரே ஈரக்காற்றில் எடுத்தால் லென்ஸ் புகைமூட்டமாகிவிடும். துடைத்துப் பயனில்லை. கிளம்பும்போதே பையை மூடியபடி டிக்கியில் வைத்துவிடுங்கள், வெளிச்சூட்டுக்குப் பழகிவிடும்.

இதெல்லாம் முடிந்ததும் காலுறையைக் கழற்றி விரல் இடுக்கில் பாருங்கள். அட்டை கடிப்பது வலிக்காது. பிய்த்து எடுக்காமல் கொஞ்சம் உப்போ சுண்ணாம்போ வைத்தால் தானே விழுந்துவிடும். பிறகு இன்னொரு காலையும் பாருங்கள்.